வாய் அறுவத்திமூணு, தொண்டை அம்பத்திரெண்டு

மலேசியாவுல நெகிரி செம்பிலான் மாநிலத்துலேயே லேத்தப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் ஒருத்தனும் கெடையாது.

பொய். எங்க பட்டறையில இருக்குறதே ரெண்டு பேரு, அதுல நான் ரெண்டாவது. மொத ஆளு என் பொண்டாட்டியோட அண்ணன். என் மச்சான். அவரு லாரி ஓட்டுறவரு.

இத நான் எழுதுறது பகாவ் பக்கத்துல ஒரு செம்பனத் தோட்டத்துல, ஆபீஸ் முச்சந்தி மதகு மேல குந்திக்கிட்டு. போன்லதான் எழுதுறேன். ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாப் பிரிஞ்சுட்டோம். கையால எழுதுனா கோழி கெளறுன மாதிரி இருக்கும். போன்ல எல்லா எழுத்தும் நேரா நிக்குது, பாக்குறவங்க படிச்சவன்னு நெனச்சுக்குவாங்க. சாயங்கால வெயில் மூஞ்சியில அடிக்குதுன்னு ரோட்டுக்கு முதுகக் காட்டி ஒக்காந்துருக்கேன். பக்கத்துல ஒரு பை. அதுக்குள்ள கிரீஸு, சுத்தியல், ரெண்டு ஸ்பேனர். தேரு இங்க வந்து சேர்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு உத்தரவு.

உத்தரவு போட்டது என் பொண்டாட்டி. நேரா என்கிட்ட போடல. அவ அண்ணன்கிட்ட சொல்லி, அவரு என்கிட்ட சொன்னாரு. மூணு பேரும் ஒரே எடத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தோம். ஏன் அப்படின்னு போகப் போகத் தெரியும்.

இன்னிக்கு தோட்டத்து மாதா கோயில் திருநாள். லயத்து வீடுங்கள்ல இப்ப நம்ம ஆளுங்க கைவெரல் விட்டு எண்ணுற அளவுதான். மத்தவங்க எல்லாம் தாமான்ல, அதான் ஹவுசிங் காலனியில, வீடு வாங்கிட்டுப் போயாச்சு, நாங்களுந்தான். ஆனா திருநாள்னா நீலாய்லேருந்து, சி ரூசாலேருந்து எல்லாரும் காடிய, அதான் காரு, எடுத்துக்கிட்டு வந்துருவாங்க. மாதா தேர இழுத்துக்கிட்டு கோயில்லேருந்து ஆபீஸ் முச்சந்தி வழியா ஒரு சுத்து. அதான் திருநாளே.

போன வருசம் இதே முச்சந்தி மேட்டுல தேரு நின்னுருச்சு. பின் அச்சோட ரெண்டு நுனியும் தேஞ்சுபோயி, சக்கரம் கள்ளுக்கடையிலேருந்து வர்றவன் மாதிரி ஆடி, கீச்சு கீச்சுன்னு கத்துச்சு பாருங்க, அடுத்த டிவிஷன் நாயெல்லாம் பதிலுக்குக் கத்துச்சு. அப்புறம் மேட்டுல ஏறவே இல்ல. மாதாவ எறக்கி, ஒரு பிக்கப்புல ஒர மூட்டைங்களுக்கு நடுவுல பாய் விரிச்சு நிக்க வச்சு கோயிலுக்குக் கொண்டாந்தோம். பாதரும் சேர்ந்துதான் தள்ளுனாரு, வெள்ள அங்கி பூரா கிரீஸு. அவரு நல்ல மனுசன். ஆனா மறுவாரம் பூசை முடிஞ்சு சொல்லிட்டாரு: "அடுத்த வருசமும் இப்படின்னா திருநாள டவுன் கோயிலுக்கே மாத்திரலாம். அங்க ரோடு சமமா இருக்கு."

எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. என் பொண்டாட்டி ஆட்டல.

அவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தது அந்தக் கோயில்லதான். புதுநன்ம அங்கதான். கல்யாணமும் அங்கதான், மாப்பிள்ள நானாப் போனது ஒண்ணுதான் கொற. இன்னிக்கு வரைக்கும் கொயர் அவதான், தேர் ஜோடிக்கிறது அவதான், கச்சான் கடலைக்கும் பூவுக்கும் சொல்லி வைக்கிறது அவதான். டவுன் கோயில்ல அவளுக்கு என்ன வேல இருக்கு? கடைசி பெஞ்சுல ஒக்காந்து விசிறிக்கணும். தேரு முச்சந்தியத் தாண்டலன்னா அவ திருநாளே போச்சு. அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும்தான் வாயத் தொறந்தேன்.

இந்த வருசக் கூட்டத்துல பாதர் கேட்டாரு, "பின் அச்சு புதுசாப் போடணும். யாரு செய்வா?"

எல்லாரும் தரையப் பாத்தாங்க. நான் கதவோரமா நின்னு வட தின்னுக்கிட்டு இருந்தேன். வாயில வட இருக்குற வரைக்கும் என்னால யாருக்கும் ஆபத்து கெடையாது. அந்த நேரம் பாத்து வட முடிஞ்சுபோச்சு.

"என் லேத்து செய்யும் பாதர்! ஸ்பிண்டில் ஓட்ட அறுவத்திமூணு மில்லி! எவ்ளோ நீட்டு கம்பியா இருந்தாலும் முழுங்கிரும்!"

பொண்டாட்டி திரும்பிப் பாத்தா. "நெசமாவா?"

"நானே அளந்தேன் லா."

அவ எந்திரிச்சு நின்னா. "பாதர், இந்த வருசம் தேரு முச்சந்தியத் தாண்டும். நான் சொல்றேன்."

அதாவது நான் சொன்னத நம்பி அவ சொல்லிட்டா. இத்தன வருசம் என்கூட குடும்பம் நடத்துனவ எப்படி அந்தத் தப்பப் பண்ணுனாளோ தெரியல.

லேத்து தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன். எளநி சீவுறத பாத்திருப்பீங்க. லேத்தும் அதேதான், ஆனா இங்க எளநி சுத்தும், கத்தி சும்மா நிக்கும். இரும்பப் புடிச்சுக்கிட்டுச் சுத்துற கைக்குப் பேரு சக்கு. சக்குக்குப் பின்னால, மெசினோட தலைக்குள்ள, ஒரு தடிச்ச குழாய் படுத்துக் கெடக்கும். அதான் ஸ்பிண்டில். குட்டை சாமான்னா கவல இல்ல, சக்குல புடிச்சுச் சீவிட்டுப் போயிரலாம். நீட்டுக் கம்பின்னா மெசின் நீளத்துல அடங்காது. அப்ப மிச்சத்த ஸ்பிண்டில் ஓட்ட வழியா பின்பக்கம் விட்டுரணும். வாலு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால அந்த ஓட்ட எவ்ளோவோ, கம்பி அவ்ளோதான். லேத்து எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி, ஓட்டைக்குள்ள போகாத கம்பி போகாதுதான். லேத்து வாங்கப் போறவன் மொத மொத கேக்க வேண்டிய கேள்வி அது.

நானும் கேட்டேன். அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.

நீலாய்ல ஒரு பெரியவரு கடைய மூடிட்டு மகன் வீட்டோட போறாருன்னு கேள்விப்பட்டு, நானும் மச்சானும் லாரியிலேயே போனோம். லேத்து நல்லாத்தான் இருந்துச்சு. "ஓட்ட எவ்ளோங்க?"ன்னு கேட்டேன்.

"அம்பத்திரெண்டு," அப்படின்னாரு.

சக்கக் கழட்டி வச்சிருந்தாரு. நான் வெர்னியர எடுத்து முன்னால தெரியுற ஓட்டையில வச்சேன். அறுவத்திமூணு காட்டுது. மறுபடி வச்சேன். அறுவத்திமூணுதான். மெதுவா மச்சான் கால மிதிச்சேன். அவரு "ஆ!"ன்னு கத்திட்டாரு, அந்தப் பெரியவரு "என்னய்யா?"ன்னாரு.

"ஒண்ணுமில்லங்க, எறும்பு."

அவரு தேத்தண்ணி எடுக்க உள்ள போனதும் காதுல சொன்னேன். "மச்சான், இந்த ஆளுக்குத் தன் மெசினயே தெரியல. பெரிய ஓட்டைய சின்ன ஓட்டன்னு நெனச்சுக்கிட்டு விக்கிறாரு. வாயத் தொறக்காதீங்க."

"பாவம் மாப்ள."

"பாவமெல்லாம் பகாவ் போயி பாத்துக்கலாம்."

அவரு வந்ததும் ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, "அம்பத்திரெண்டுதானா... சின்னதா இருக்கே... சரி, பரவால்ல" அப்படின்னு இழுத்தோம். லாரியில ஏத்திக் கட்டி, ரோட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்ச சிரிப்பு, குவாலா பிலா தாண்டித்தான் நின்னுச்சு. அந்த நல்ல மனுசன் ரெண்டு பேருக்கும் ரொட்டி வேற வாங்கிக் குடுத்தாரு.

அதுக்கப்புறம் பட்டறையில நான் செஞ்சதெல்லாம் குட்டை சாமான். செம்பனப் பழம் ஏத்துற டிரெய்லருக்குப் பின்னு, புஷ்ஷு. புஷ்ஷுன்னா ஒண்ணுமில்ல, பெரிய ஓட்டைக்கும் சின்னக் கம்பிக்கும் நடுவுல போடுற வளையம். இந்தத் தோட்டத்துல ஓடுற டிரெய்லருல பாதி என் புஷ்ஷுலதான் ஓடுது. ஓட்ட வழியா கம்பிய விடுற வேலையே வரல. அதான் அறுவத்திமூணுங்கற நம்பிக்க நோகாம அப்படியே இருந்துச்சு.

தேருக்குக் கம்பி வாங்கியாந்தோம். சக்கரத்துல இருக்குற ஓட்ட அறுவது மில்லி, அதனால கம்பியும் அறுவது. என்னைவிட ஒசரம். ஆளுக்கொரு பக்கம் தூக்கி, சக்கு வழியா உள்ள விட்டோம்.

"போகுது மாப்ள, போகுது..."

டொக்.

ஒரு வெரல் நீளந்தான் போச்சு.

"தள்ளுங்க மச்சான்."

"தள்ளியாச்சு."

"இன்னும் தள்ளுங்க. கூச்சப்படுது."

மச்சான் பெரிய சம்மட்டிய எடுத்தாந்தாரு. ரெண்டு போடு. அவ்ளோதான், கம்பி உள்ளயும் போகல, வெளியயும் வரல. பலமாப் புடிச்சுக்கிச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு மெசினோட பின்பக்கம் போயி, ஓட்டைக்குள்ள ஒரு சன்னக் கம்பிய விட்டு, நான் புடிச்சுக்க அவரு அடிக்க, அவரு புடிச்சுக்க நான் அடிக்க, வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறோம். அந்த நேரம் பாத்து பொண்டாட்டி பிளாஸ்குல தேத்தண்ணியோட வர்றா.

கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னு பாத்தா.

"என்ன இது, பிரசவமா?"

மச்சான் சிரிச்சுக்கிட்டே ஒரு போடு போட்டாரு. கம்பி வெளிய வந்து தரையில விழுந்து உருண்டு அவ கால்கிட்ட போயி நின்னுச்சு. அவ சிரிக்கல.

"போகுமா, போகாதா?"

நான் குனிஞ்சு, வெர்னியர பின்பக்க ஓட்டையில வச்சேன். அம்பத்திரெண்டு. தொடச்சுட்டு மறுபடி வச்சேன். தொடச்சா பெருசாகும்னு ஒரு ஆசைதான். அம்பத்திரெண்டேதான்.

விசயம் என்னன்னா, ஸ்பிண்டிலோட முன்வாய் பெட்ரோல் ஊத்துற புனலு மாதிரி விரிஞ்சிருக்கும். கூரான செண்டர்னு ஒரு சாமான் இருக்கு, அது அங்க வந்து இறுக்கமா ஒக்காரணும், அதுக்காக. உள்ள போகப் போக ஒடுங்கிரும். வாய் அறுவத்திமூணு, தொண்டை அம்பத்திரெண்டு. நான் வாய அளந்துட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சிருக்கேன். நீலாய் பெரியவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. குவாலா பிலா வரைக்கும் நாங்க சிரிச்சது எங்களப் பாத்துத்தான்.

பொண்டாட்டிகிட்ட வெளக்கிச் சொன்னேன். வாய் பெருசு, உள்ள ஒண்ணும் போகாதுன்னு.

"தேடிப் புடிச்சு ஒங்களயே வாங்கியாந்துருக்கீங்க," அப்படின்னா. பிளாஸ்க வச்சா. போயிட்டா.

அன்னியிலேருந்து எல்லாம் அண்ணன் வழியாத்தான்.

(பாட்டு கேக்குது. கோயில்லேருந்து முச்சந்தி வரைக்கும் வரிசையா ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க, ஒண்ணு சரியா என் மண்டைக்கு மேல. பாட்டு கேக்குதே தவிர கீச்சு கேக்கல. அப்ப தேரு இன்னும் கெளம்பல. எழுத நேரம் இருக்கு.)

பகாவ்ல ஒரு தவுக்கே, அதான் மொதலாளி, பட்டறை வச்சிருக்காரு. தோட்டத்துக் கடையில பொறந்து வளந்த சீனரு, என்னைவிட நல்லாத் தமிழ் பேசுவாரு. அவரு லேத்துக்கு ஓட்ட எம்பது மில்லி. அந்தக் கெழட்டு மெசின நான் நக்கலடிக்காத நாள் இல்ல. இப்ப அதுகிட்டயே போயி நிக்க வேண்டியதாப் போச்சு.

"தவுக்கே, ஒரு அறுவது மில்லி கம்பி. நுனி மட்டும் சீவணும்."

"ஒன்கிட்டதான் பெரிய ஓட்ட இருக்கே தம்பி. ஊரே சொல்லுது."

"அளந்ததுல ஒரு சின்ன..."

"எந்தப் பக்கம் அளந்த?"

"முன்பக்கம்."

அவரு கையில இருந்த துணிய கீழ வச்சாரு. அப்புறம் உள்ள வேல செய்யுற ஆளுங்கள எல்லாம் கூப்புட்டாரு. "இப்ப சொல்லு தம்பி. எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். வேற வழி? ஆனா காரியம் ஆகல. அவரு மெசின்ல செம்பன மில்லோட ஷாப்டு ஏறி ஒக்காந்திருக்கு. அது எறங்குறதுக்குள்ள திருநாள் போயிரும்.

"மில்லு நின்னா பழம் அழுவிரும் தம்பி. மாதா காத்துருப்பாங்க, பழம் காத்துருக்குமா?"

"மாதா காத்துருப்பாங்க தவுக்கே. என் பொண்டாட்டி?"

அவருக்கு அவளத் தெரியும். சிரிப்பு நின்னுருச்சு. "அது கஷ்டம் லா," அப்படின்னாரு.

நானும் மச்சானும் நேரா கோயிலுக்குப் போனோம். அவ பீடத்துக்குப் பக்கத்துல தரையில ஒக்காந்து மெழுகுவத்தித் தண்டுங்கள தொடச்சுக்கிட்டு இருந்தா. தண்டெல்லாம் வெள்ளக்காரன் காலத்துப் பித்தள, குழி பெருசு. இப்ப கடையில விக்கிற மெழுகுவத்தி சன்னம், வச்சா சாஞ்சுரும். அதனால ஒவ்வொண்ணுக்கும் அடியில பேப்பரச் சுத்திச் சுத்திச் சொருவிக்கிட்டு இருக்கா. வருசா வருசம் அப்படித்தான்.

"அண்ணே, தவுக்கே என்ன சொன்னாருன்னு ஒங்க மாப்ளகிட்ட கேளுங்க."

மச்சான் என்னப் பாத்தாரு. "முடியாதுன்னுட்டாரு," அப்படின்னேன்.

"முடியாதுன்னுட்டாராம்," அப்படின்னாரு மச்சான்.

"காது கேக்குதுண்ணே." ஒரு மெழுகுவத்திய அழுத்திச் சொருவுனா. அந்த அழுத்து எனக்கு உள்ளதுன்னு தெரிஞ்சுச்சு. "அப்படின்னா, நான் மெழுகுவத்திக்கு பேப்பரு சுத்துற மாதிரி அவரையும் அச்சுக்கு எதையாச்சும் சுத்திக்கிட்டு வரச் சொல்லுங்க. ஒண்ணும் கெடைக்கலன்னா வடைய வச்சு அடைக்கச் சொல்லுங்க."

மச்சான் வடைக்குச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு பேருக்கும் ஒண்ணா நின்னுருச்சு.

சக்கரத்து ஓட்ட அறுவதுன்னா கம்பியும் அறுவதா இருக்கணும்னு யாரு சொன்னா? அம்பது மில்லி கம்பி அம்பத்திரெண்டுல போகும். சக்கரத்துல மிச்சம் இருக்குற எடத்துக்கு வளையம் போட்டா போதும். வளையம்னா புஷ்ஷு. நான் பொறந்ததுலேருந்து ஒழுங்காச் செஞ்ச ஒரே சாமான்.

"அம்பது தாங்குமா மச்சான்?"

"என் டிரெய்லரு அச்சே அம்பதுதான் மாப்ள. தெனம் எவ்ளோ பழம் ஏத்துறேன்? மாதா என்ன பழத்தவிடக் கனமா?"

"என்ன சொல்றாரு?"ன்னு கேட்டா அவ, அண்ணன்கிட்ட.

"புஷ்ஷு போடப் போறோம்," அப்படின்னேன் நான்.

அவ என்னப் பாக்கல. ஆனா அடுத்த மெழுகுவத்திய மெதுவாத்தான் சொருவுனா.

அம்பது மில்லி கம்பி வாங்கியாந்து பின்பக்கம் விட்டோம். சுத்தி ஒரு மில்லி எடந்தான். சரசரன்னு போயி சக்கு வழியா தலைய நீட்டுச்சு. மச்சான் சிலுவ போட்டுக்கிட்டாரு. நான் அந்த சந்தோசத்துல பழைய பழக்கமா வேகமான கியருல போட்டு சுவிட்ச அமுக்கிட்டேன்.

நீட்டுக் கம்பியோட வால சும்மா விடக் கூடாதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பின்னால நீட்டிக்கிட்டு இருந்த வாலு ஆட ஆரம்பிச்சு, வளைஞ்சு, ஒரே சுத்து. மச்சான் பசியாறலாம்னு ஸ்டூலு மேல வச்சிருந்த நாசி லெமாக் பொட்டலத்துல ஒரு அறை. சோறு செவுத்துல. முட்ட கேலண்டர்ல. நெத்திலிங்க எங்க போச்சுன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம். நல்லவேளை, ஸ்டூலு மேல மச்சான் ஒக்காரல.

ஓடிப்போயி நிறுத்தி, ஒரு பலகையில ஓட்ட போட்டு, காலு வச்சு நிக்க வச்சு, வால அதுக்குள்ள விட்டு கிரீஸத் தடவி, நாசி லெமாக்க நெனச்சு முனகிக்கிட்டே மச்சான் அதப் புடிச்சுக்கிட்டாரு. கியர மெதுவாப் போட்டேன். அப்புறம் ஆட்டம் இல்ல. மொத நுனி வெண்ண மாதிரி சீவி வந்துச்சு. நட்டு ஏற மறையும் வெட்டியாச்சு. வெங்கலப் புஷ்ஷு சக்கரத்துக்குள்ள ஒரே தட்டுல போயி ஒக்காந்துச்சு. பூவும் ஜெனரேட்டரும் மாதாவும் ஏத்தி அந்தத் தேர இன்னும் யாரும் இழுத்துப் பாக்கல, அதான் இன்னிக்கு பக்கத்துல இந்தப் பை.

ஆனா கத அதுல இல்ல, ரெண்டாவது நுனியிலதான் இருக்கு. கம்பியத் திருப்பிப் போட்டோம் பாருங்க, மச்சான் அந்தப் பலகைய மறுபடி நிக்க வைக்கப் போனவரு, அவரு கட்டியிருந்த சாரம், கைலிதான், எதுல மாட்டியிருக்குன்னு தெரியாம, நான் சுவிட்சு மேல கைய வச்சு "ரெடியா மச்சான்?"ன்னு கேக்குறேன், அவரு அந்தப் பக்கத்துலேருந்து

"ஏங்க!"

மண்டைக்கு மேல ஸ்பீக்கர்ல. பாட்டு நின்னுருச்சு. என் பொண்டாட்டி கொரலு, மைக்குல, தோட்டம் பூராவுக்கும்.

"மதகு மேல குந்திக்கிட்டு போன நோண்டுறவரு கொஞ்சம் எந்திரிச்சு வந்து கயிறப் புடிப்பாரா?"

திரும்பிப் பாக்குறேன். என்கிட்ட வந்து நிக்க வேண்டிய தேரு, மேட்டத் தாண்டி, ஆபீஸ் வாசலுக்கே போயி நிக்குது. எனக்குத் தெரியறது அதோட முதுகுதான். ரெண்டு பின் சக்கரமும் நேரா நிக்குது. பக்கத்துல மச்சான் பல்லக் காட்டிக்கிட்டு. கீச்சு கேட்டா திரும்பலாம்னு காதக் குடுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கீச்சு வரவே இல்ல. இவ்ளோ சனமும் என் முதுகுக்குப் பின்னாலதான் போயிருக்கு.

பாதரு சிரிக்கிறாரு. அவரு அங்கி இன்னிக்கு வெள்ளையாவே இருக்கு.

அப்புறம், அவ "அண்ணே"ன்னு கூப்புடல. "ஏங்க"ன்னுதான் கூப்புட்டா.

"இன்னும் என்னத்த எழுதுறீங்க? வாங்க!"

இந்தா வர்றேன். மச்சானோட அந்தச் சாரம்